நவீன இடையூறு

பத்தொன்பதாவது பருவம்.
நிபோங் திபாலிலிருந்து பதினோரு கிலோமீட்டர்,
பெல்மூர்த் தோட்டம், செம்பனை வரிசை நாற்பத்தாறு.
லாரித் தடத்தில் தண்ணீர் நின்றால்
சுஹைமி வண்டியை அணைத்துவிட்டு
"இனி நடராஜா சர்வீஸ்" என்பான்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்,
அதைச் சரியான இடத்தில் சொல்வான்.

நான் பதிவேடு எழுதுகிறவள்.
தோண்டுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.
மூன்று வருடம் வெயிலில் கறுத்து, பட்டம் வாங்கி,
கோலாலம்பூரில் வங்கி வேலைக்குப் போய்விடுவார்கள்.
கையெழுத்தாவது மாறாமல் இருக்கட்டும் என்று
டாக்டர் கூ என்னை வைத்துக்கொண்டார்.

அடுக்கு ஒன்று: வேர், மட்டை, உரச்சாக்கு.
அடுக்கு இரண்டு: நவீன இடையூறு.
மூன்றில் தொடங்கும் கிளிஞ்சல்.
யாரோ தின்று எறிந்தது,
எறிந்த இடத்திலேயே மறுநாளும் எறிந்தது,
ஓர் ஆள் உயரத்துக்கு.
இப்போது கடல் இங்கிருந்து பார்த்தால் தெரியாது.

அந்த மூன்றுக்காகத்தான் வந்தோம்.
கரித்துண்டைச் சாமணத்தால் எடுத்து
ஈயத்தாளில் சுற்றி, மேலே மூச்சுப் படாமல்
தேதி கேட்டு அனுப்பினோம்.
இரண்டை மண்வெட்டியால் அள்ளினோம்.
பதினெட்டு வருடம் நானே எழுதினேன்,
நவீன இடையூறு, நவீன இடையூறு.
மழைநாளில் சுருக்கமாக ந.இ.

ந.இ.யில் என்ன இருந்தது?
கித்தாப் பால் பிடிக்கிற கோப்பை, விளிம்பு போனது.
லயத்துப் பின்கட்டின் சிமெண்டுத் தரை,
அதில் காய்வதற்குள் ஓடிய ஒரு கோழியின் கால்.
மங்கு. பெரட்டுக்கு அடிக்கிற தண்டவாளத் துண்டு.
ஏழாவது பருவத்தில் ஒரு பித்தளைத் தோடு,
திருகு இல்லை.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கூடையில் போட்டேன்.
எண் இல்லாததெல்லாம் தெற்கு மூலைக்குப் போகும்.
அந்த மேடு உயர்ந்தது, லாலாங் மூடியது,
காலையில் அதன் நிழலில்தான் பசியாறினோம்.

என் அப்பா பிறந்தது இதே கம்பெனியின்
இன்னொரு தோட்டத்தில்.
யாரிடமும் சொன்னதில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்த வருடம் கிளிஞ்சல் தீர்ந்தது.
நீலக் களிமண் வந்துவிட்டது, அதற்குக் கீழே
மனிதர் எவரும் இல்லை.
ஆறு வாரப் பணம் மிச்சம்.
நிலத்தை ஆனி மாதத்துக்குள் கேட்கிறார்கள்,
கிடங்கு கட்ட.
புதிதாக வந்த ஷின் யீ, வாயில் ரொட்டியோடு,
முதுகுக்குப் பின்னால் கைகாட்டிக் கேட்டாள்:
"அந்த மேடு எந்தக் காலம்?"

சிரித்தோம். சுஹைமிதான் அதிகம் சிரித்தான்.
டாக்டர் கூ தேநீரைக் குடித்து முடித்தார்,
கோப்பையின் அடியைப் பார்த்தார்,
சல்லடையைக் கொண்டுவரச் சொன்னார்.

மேடு தலைகீழானது.
போன வருடம் உச்சியில், முதல் வருடம் அடியில்.
பொருள்கள் வந்தன, ஒவ்வொன்றாக, கழுவக் கழுவ.
எந்த வீட்டுக் கோப்பை, எந்தக் கதவுக் கொண்டி,
எது எதன் பக்கத்தில் கிடந்தது,
அது மட்டும் வரவில்லை.
மழை கலைக்கவில்லை. செம்பனை வேர் கலைக்கவில்லை.

நான்காம் வாரம், அடிமண்ணில்,
ஒரு மைலோ பாக்கெட், நீலப் பேனா மூடி,
பிளாஸ்டிக் சீட்டு ஒன்று, மை அழியாமல்:
அடுக்கு இரண்டு, ந.இ.
எழுத்து என்னுடையது, இளைய எழுத்து,
'ந'வின் வால் தேவைக்கு மேல் நீண்டிருந்தது.
ஷின் யீ அதையும் பையில் போட்டுக் கட்டி
எண் கேட்டாள்.

இரவு மேசைவிளக்கில் புதிய தாள்.
அடுக்கின் பெயர்: மேடு.
மண் நிறம்: கலவை.
உருவான விதம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
'எங்களால்' என்று எழுதினேன்.
பிறகு 'கள்'ளை அடிக்கலாமா என்று யோசித்தேன்.
அடிக்கவில்லை, பதினெட்டு வருடம் எல்லோரும் அள்ளினோம்.

தோடு கிடைத்தது, செவ்வாய்க்கிழமை.
வெள்ளிக்கிழமை ஒரு திருகும் கிடைத்தது.
பொருத்திப் பார்த்தேன், மரை சேரவில்லை.
வேறு யாருடையதோ.
அதற்கும் ஒரு எண் போட்டேன்.