கடைமடை

"நம்ம தொட்டிக்குப் போடறதும் இதுதானுங்களே"
என்றார் சின்னமாது, மூக்கை உறிஞ்சி.
ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு
ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கரைத்து
விரல்நுனி வெளுத்த ஆள்.
கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.
உங்களுடையது முப்பதாயிரம் லிட்டர்,
என்னுடையது ஐந்து மில்லி.

பென்னாகரம், சலூனுக்கு மேல் மாடி.
இடது கீழ்க் கடைவாய்ப்பல்.
போர்த் தண்ணீர் சிறுவயதில் எழுதிவிட்டுப் போன
பழுப்புக் கோடுகளுக்கு நடுவே குழி.
உள்ளே மூன்று கால்வாய்,
முன்வேரின் இரண்டும்
ஒகேனக்கல் ரோடு மாதிரி
வளைந்து வளைந்து இறங்குபவை.

கல்லூரியில் நான் ஒப்பிட்டிருக்கிறேன்.
பிடுங்கிய பற்கள் அறுபது, மெழுகில் நட்டு,
வெறும் ஊசி, பக்கவாட்டில் துளையிட்ட ஊசி,
குச்சியால் குத்தி அலசுவது,
அல்ட்ராசானிக், உறிஞ்சி இழுக்கும் முறை.
அந்த அறுபதும் எச்சில் விழுங்கவில்லை.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழவில்லை.
பாதி வேர் வரைக்கும் எல்லா முறையும் சுத்தம்;
கடைசி மூன்று மில்லிமீட்டரில்தான்
அட்டவணையில் எண்கள் முகம் மாறின.

அழுத்தினால் போகுமே என்று தோன்றும்.
அழுத்தக் கூடாது.
வேர்முனை தாண்டிக் கொஞ்சம் போனாலும்
கன்னம் வீங்கி, கண் மூடி,
ராத்திரியே தர்மபுரி ஆஸ்பத்திரி.

ரப்பர் விரிப்பை மாட்டி
அல்ட்ராசானிக் முனையை இறக்கினேன். இருபது விநாடி.
இரண்டாம் இருபதில் கரண்ட் போயிற்று.

இருட்டில் அவர் போன் அடித்தது.
பேச வாய் இல்லை. ஸ்பீக்கரில் போட்டேன்.
"அண்ணா, கடைசித் தெருவுக்கு இன்னும் வரலை,
குழாயில காத்துதான் புஸ்ஸுனு வருது."
விரிப்புக்கு அடியில் ஏதோ முனகி
இரண்டு விரலைக் காற்றில் திருகினார்.
ஏர் வால்வா என்றேன். கண்ணை மூடித் திறந்தார்.
ஏர் வால்வைத் திறக்கணுமாம் என்றேன் போனில்,
யாருக்கென்றே தெரியாமல்.

என் கால்வாயின் அடியிலும் அதேதான்,
கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழி
வழிமறித்து உட்கார்ந்திருக்கும்.
அதற்கு வால்வு வைத்து
யாரும் பல்லைப் படைக்கவில்லை.

அளவான கட்டப்பெர்ச்சா குச்சி ஒன்றை எடுத்தேன்.
டார்ச் பிடிக்கப் பவளக்கொடி.
உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே,
நிமிடத்துக்கு நூறு.
இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் ஏற்றம் இறைப்பு.
மணிக்கட்டு நோகிறது.
என் அட்டவணையில் இதற்கு இரண்டாம் இடம்,
மலிவில் முதலிடம்.

கரண்ட் வந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

உலர்த்தி, மருந்து வைத்து, மூடி,
வியாழக்கிழமை வரச் சொன்னேன்.
"கடைசி வரைக்கும் போச்சுங்களா?"
உதடு மரத்ததால் கேள்வி ஒரு பக்கமாக வந்தது.
போயிருக்கும் என்றேன்.

படிக்கட்டில் மறுபடி போன்.
எடுக்காமல், பார்த்துக்கொண்டே இறங்கினார்.
தண்ணி வந்துவிட்டது என்று சொல்ல
யாரும் போன் செய்வதில்லை.