பால் கணக்குக் காலண்டர்

உர மண்டிக்காரர் கொடுத்த காலண்டரில்
முனிரத்னம்மாவின் பால் கணக்கோடு
கொல்லைக்கு வந்துபோகிறவர்களையும் எழுதிவைப்பேன்.
ஒரு நாளுக்கு ஒரு கட்டம்.
அதற்குள் அடங்க வேண்டும் எல்லாம்.

மார்ச் ஒன்பது: ஒன்றரை லிட்டர். புங்கை மொட்டை.
மார்ச் இருபத்தொன்று: ஒன்றரை. புங்கையில் புது இலை,
வெயில் பட்டால் கண் கூசுகிறது.
ஏப்ரல் பதினான்கு: பாயசத்துக்காக இரண்டு.
மாலையில் ஆலங்கட்டி.
இரவு ஈசல். வாசற்படி விளக்கடியில்
எட்டுத் தேரைகள், பந்திக்கு முந்தியவை.
மே மாதம் மின்மினி.
பதினேழு வரை எண்ணினேன்,
அப்புறம் எண்ணியதையே எண்ணுகிறேன் என்று தெரிந்து
பால் அளவை மட்டும் எழுதினேன்.

காருக்கு இரண்டு மாதம், கூதிருக்கு இரண்டு மாதம் என்று
பள்ளியில் மனப்பாடம் செய்தது
ஆனேக்கல் தாண்டி இந்த ஊரில் செல்லாது.
ஜூனில் வருகிற தூறல்
கடன் கேட்க வந்து கேட்காமலே உட்கார்ந்திருக்கும்
ஒன்றுவிட்ட மைத்துனரைப் போல
எழுந்து போகவே போகாது.
கேழ்வரகு முழங்கால் உயரம் வந்த பிறகும்
கொடியில் துணி ஈரம்தான்.

தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே சாரை ஒன்று
சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.
கெரெ ஹாவு, ஒன்றும் செய்யாது என்றாள் முனிரத்னம்மா.
ஏரிப் பாம்பு.
ஏரி எங்கே என்று கேட்டேன்.
பால் சொம்போடு கையை நீட்டி
லேஅவுட் கற்கள் நட்ட பக்கம் காட்டினாள்.

கஜபதிக்குக் கொல்லை என்பது
சீருடை காய்கிற இடம்.
எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறவர்,
இருட்டில் போய் இருட்டில் வருகிறவர்.
வாலாட்டி வந்துவிட்டது என்று சொன்னால்
எந்த நாய் என்பார்.

மூன்று வருஷமாக
செப்டம்பர் பதினெட்டு, இருபது, பதினேழு.
எங்கோ பனிமலையிலிருந்து கிளம்பி
எங்கள் தொட்டி விளிம்பில் வந்து இறங்கும்
சாம்பல் வாலாட்டி.
இந்த வருஷம் செப்டம்பர் பன்னிரண்டில்
எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.
ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே
ஏசிப் பெட்டி மேல் ஒரு புறா.
மூன்றாம் நாள் அதுவும்
எதிர்க்கட்டிடத்து ஏசிக்கு மாறிக்கொண்டது.
தையல் வலித்ததைவிட
வெற்றுக் கட்டங்களை நினைத்தபோது வலித்தது என்று சொன்னால்
பொய்.
தையல்தான் வலித்தது.
கட்டங்களையும் நினைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து
சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன்.
கட்டங்களில் நீலப் பேனா,
டிரிப் ஷீட் எழுதுகிற அதே கோணல் எழுத்து:

செப்டம்பர் 19. வரவு 6.10. புறப்பாடு 6.25.
சின்னப் பறவை. அடிப்பக்கம் மஞ்சள்.
வாலை நிறுத்தவே இல்லை. ஏதோ டென்ஷன்.

செப்டம்பர் 21. வரவு 5.50.
கீரி. பின்னால் மூன்று குட்டி.
இடைவெளி விடாமல் போயின.

செப்டம்பர் 22. யாரும் வரவில்லை.
பத்து நிமிஷம் நின்றேன்.

பால் அளவு ஒரு கட்டத்திலும் இல்லை.
பதினெட்டு லிட்டர் என்கிறாள் முனிரத்னம்மா.
தனி ஆளுக்குப் பதினெட்டா?
சண்டை பிடிக்கத் தெம்பில்லை, கொடுத்தேன்.

இப்போது டிசம்பர்.
கேழ்வரகு அறுத்தாயிற்று.
அவரைக்காய் பனியில் பிசுபிசுத்து மணக்கிறது.
அவருடைய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு
தினமும் ஐந்தேமுக்காலுக்குத் தொட்டிப் பக்கம் நிற்கிறேன்.
ஐந்து வருஷமாக இந்தக் கொல்லையில்
ஒரு கீரியைக்கூட நான் பார்த்ததில்லை.
குட்டி இரண்டாக இருக்கும், இருட்டில் தப்பாக எண்ணியிருப்பார்
என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டு சீட்டை
கண்ணாடியிலேயே எண்ணுகிறவன் நான் என்றார்,
ஷூ லேஸைக் கட்டியபடி.

வாலாட்டி மட்டும் வருகிறது.
மூடுபனியில் மஞ்சள் தெரிவதில்லை,
வால் தெரிகிறது.
கேட்டைத் திறக்குமுன் திரும்பி
வந்துச்சா என்று கேட்கிறார்.
எதை என்று சொல்லாமல்.