கார்பன் தாள்

கொட்பே துறைமுகத்தில் ஐஸுக்கு
பில் எழுதுகிறவன் நான்.
வேறொன்றும் தெரியாது என்றேன்.

இன்ஸ்பெக்டர் உதேனி
துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை,
தூளைப் பற்றியும் இல்லை.
ஈரத்தில் ஒட்டிப்போன பழைய பில்களை
நகத்தால் பிரித்துக்கொண்டே இருந்தார்,
மத்தியானம் வரை.

பன்னிரண்டு நாளுக்கு டீசல் அடித்த படகு
ஒரு கட்டி ஐஸும் எடுக்கவில்லை.
"மீனை எதில வைப்பினம்?"
கொச்சைத் தமிழில் ஒரே கேள்வி.

பிடிபட்டது தவரூபன்.
எனக்கு நானூறு ரூபா தர வேண்டியவன்,
நீச்சல்கூடச் சரியாக வராது.

முதலாளி நேற்று வந்தார்.
"முப்பது கட்டி போடு தம்பி.
இனி ஒவ்வொரு முறையும் எடுப்பன்."
சிரித்தார். என் மகளின் பள்ளிக்கூடத்தை
பெயர் சொல்லி விசாரித்தார்.

பில் எழுதினேன்.
திகதி, படகு இலக்கம், நேரம்:
அடித்தாளிலும் விழும்படி
அழுத்தி.