தாண்டிய வள்ளம்

எண்ணூற்றுப் பன்னிரண்டு வரி, ஒரே மூச்சில்.
தோகாவுக்குப் போகுமுன்
லோகிதன் எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்ட்.
சங்கத்து வள்ளங்களின் மீன் நிறை, மண்ணெண்ணெய்,
ஐஸ் கடன், கைக்காசு
எல்லாம் கூரைத் தண்ணீர்போல் மேலிருந்து ஓடிவந்து
சனிக்கிழமை காலையில் ஒரு தாளில் சொட்டும்.

சொட்டும்வரை யாரும் கேட்டதில்லை.
எனக்குத்தான் வாசிக்க ஏலவில்லை.

மாரி பிடித்து
உட்துறைமுகத்தின் மறுகரை தெரியாமல் போன கிழமை
நான் அதை வெட்டினேன்.
நிறுக்க ஒரு புரொசீஜர், ஐஸுக்கு ஒன்று,
கடன் கழிக்க இன்னொன்று.
இடையிடையே வெற்று வரி விட்டேன்.
அவன் வைத்த முழநீளப் பெயர்களை நறுக்கி
எண்ணுகிற இடத்திலெல்லாம்
"எண்" என்றே எழுதினேன்.
வடிவாயிருந்தது.
வடிவாயிருந்தால் சரியாயிருக்கும் என்று நம்புகிற வயது
எனக்கு எப்போதோ போய்விட்டது.
இருந்தும் நம்பினேன்.

தை பிறந்து கடல் அடங்கிய முதல் சனி.
சூசைநாயகம் தாளை யன்னலுக்குள்ளால் நீட்டி,
"பிள்ளை, என்ட வள்ளம் தாண்டுபோச்சோ?"

பதினாறுக்குப் பிறகு இருபத்தொன்று.
நடுவில் நாலு வள்ளம்
காற்றில்லை, கடலில்லை,
அலுவலக மேசையில் தாண்டிருந்தன.

பின்னேரம்வரை தேடினேன்.
பதினாறு நளீமுடையது.
அந்தக் கிழமை கடனுக்கு ஐஸ் எடுத்தவர்
அவர் ஒருவர்தான்: இருபது பெட்டி.
வள்ளங்களை எண்ணிக்கொண்டு வந்த "எண்"
பதினாறைக் கையில் பிடித்தபடி ஐஸ் அறைக்குள் போனது.
அங்கேயும் ஒரு "எண்".
ஒரே பெயர், ஒரே பெட்டி.
ஒன்று, இரண்டு என்று இருபதுவரை பெட்டி எண்ணிவிட்டு
இருபதோடு வெளியே வந்து
ஒன்றைக் கூட்டி
அடுத்த வள்ளத்தைக் கூப்பிட்டது.

சுவர் எழுப்பினேன், கதவு வைத்தேன்.
கதவுக்கு மேலே பெயர்ப்பலகையும் தொங்கவிட்டேன்.
உள்ளே இருப்பது உள்ளுக்குரியது என்று
ஒரு சொல் சொல்ல மறந்தேன்.

எங்கள் ஊர் மான் அப்படித்தான்.
கோட்டை வாசலில் படுக்கும்,
கடைத்தெருவில் கோவா இலை தின்னும்,
ஒருநாள் சங்கத்துக்குள்ளேயே வந்து
பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இரண்டு தாளை மென்றது.
யாருடைய மான் என்று கேட்டால் சிரிப்பார்கள்.
எல்லாருக்கும் உரியது எங்கேயும் மேயும்.

சிரிக்கிறேன். வீட்டில் என் சம்பளமும் மான்தான்.
அம்மா சீட்டுக்குக் கழிப்பா.
தம்பி பெற்றோலுக்கு.
மாத நடுவில் நான் திறந்து பார்க்க
நான் எழுதாத ஒரு தொகை
என் பெயரில் இருக்கும்.

பெயருக்கு முன்னால் ஒரு சிறு சொல் போட்டேன்:
இது இங்கேயே பிறந்து இங்கேயே முடியும்.
அவ்வளவுதான் திருத்தம்.
பிறகு ஒவ்வொரு புரொசீஜராய்ப் போய்
என்ன வேண்டும் என்று வாசலில் கேட்கவைத்தேன்,
என்ன தருகிறாய் என்று சொல்லவைத்தேன்.
கைக்குக் கை.
கூடத்தில் எதையும் போட்டுவைப்பதில்லை.

பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது
நீரிலிருந்து எழும்பி வந்தன.
சூசைநாயகம் காசை இரண்டுமுறை எண்ணினார்,
விரலால், என்னை நம்பாமல்.
சரியாகத்தான் செய்தார்.

ஒன்று மட்டும் மிச்சம்.
மூன்றாம் வரியில் "கா" என்று ஒரு மாறி.
மதிப்பு ஏழு.
யாரும் வாசிப்பதில்லை, யாரும் எழுதுவதுமில்லை.
எடுத்தால் தாள் வெறுமையாய் வருகிறது.
லோகிதனுக்கு வாட்ஸ்அப் போட்டேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்து ஒன்பது நாள்.

அதைக் கூடத்திலேயே விட்டிருக்கிறேன்,
பக்கத்தில் ஒரு குறிப்போடு:
தொடவேண்டாம். மான்.