அரை மணி நீர்

எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர்
உப்புத் தண்ணீருக்கு மேலே
பாலாடை மாதிரி கிடக்கிறது.
அரை மணிக்கு மேல் மோட்டார் ஓடினால்
ஆடை கிழியும்,
குழாய் வழியே கடல் ஏறி வரும்.
ஆகவே அரை மணி.
பிறகு மூன்று மணி நேரம் சும்மா இருக்க வேண்டும்
கிணறும் நானும்.

புதுமடத்து மணலுக்கு ஞாபகம் கிடையாது.
ஊற்றியதை ஊற்றிய இடத்திலேயே மறந்துவிடும்.
இதில் பதினோரு எலுமிச்சை, ஒரு சாத்துக்குடி,
கூடவே அந்தத் தாண்டிக்குடிக்காரி.

கருவாடு இறக்கப்போன மலையில்
யாரோ ஓசியில் கொடுத்தார்களாம்.
"பட்டர் ஃப்ரூட்" என்று
லாரியிலிருந்து இறக்கினார் நம்புசேகரன்.
"செத்தால் அழக்கூடாது" என்று
முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட்டுத்தான்
குழி வெட்டினார்.

முதல் வருஷம் தூரிலேயே ஊற்றினேன்.
பட்டை அழுகி இரண்டு எலுமிச்சை போயின.
(பதினொன்று என்றது மிச்சம்.)
இப்போது உச்சி வெயிலில்
நிழல் எங்கே முடிகிறதோ
அங்கே வட்டமாக வாய்க்கால்.
மரம் தன் வாயைக்
காலுக்கு அப்பால் வைத்திருக்கிறது.

ஐப்பசியில் கடல் துப்பிய புல்லை
சாக்குச் சாக்காய் அள்ளி வந்து
வெட்டவெளியில் குவித்தேன்.
கார்த்திகை மழை மூன்று தரம் அலசியது.
ஒரு இழையை நாக்கில் வைத்தேன், கரித்தது.
போட்டுவிட்டு வந்தேன்.
மார்கழியிலும் கரித்தது.
தை பிறந்தபோதுதான்
அது வெறும் புல்லானது.

அடியில் தேங்காய் மட்டை,
அதன்மேல் புல், நாலு விரல் கனத்துக்கு,
தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.
ஆறு மாதம் கழித்துக் கிளறினால்
ஒரு மண்புழு.
இந்த மணலுக்கு
எந்த வழியாக வந்தாய் என்று கேட்டேன்.
அதற்கு வேலை இருந்தது.

போன சித்திரையில் அரை மணி
பதினெட்டு நிமிஷமாகச் சுருங்கியது.
எலுமிச்சை கிலோ நூற்று நாற்பது என்று
ஜகுபர் அலி காலையிலும் மாலையிலும் போன் போட்டார்.
தாண்டிக்குடிக்காரிக்கு இலை ஓரம்
தீக்குச்சி காட்டிய காகிதம் போலக் கருகியது.
உச்சியில் நாலு பிஞ்சு.
"அதுக்கு விடுறதை இதுக்கு விடு" என்றார் இவர்.
சரி என்றேன்.
கணக்கு சரிதான்.
அன்றிலிருந்து
கேன் தண்ணீரில் அரிசி களைந்தேன்,
களைந்ததைக் கொட்டவில்லை.
அவரும் கேட்கவில்லை, ஏன் நாளுக்கு நாலு தரம்
அரிசி களைகிறாய் என்று.

எலுமிச்சையை இழுக்கக்கூடாது.
இழுத்தால் காம்போடு தோலும் வரும்,
தோல் போனது மறுநாளே பூஞ்சை.
கத்தரிக்கோலால் நறுக்கி, மடியில் விழவிட்டு,
முள்ளுக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுத்து
அறுபத்து மூன்று கிலோ.
மோட்டார் கடன் அடைந்தது.

அந்த நாலும் மட்டும்
பச்சை மாறாமல் தொங்கின.
ஆனி முழுக்க அழுத்திப் பார்த்தேன், கல்.
ஆடிக் கச்சான் ஒன்றை உதிர்த்தது.
எடுத்து அரிசிப் பானையில் போட்டு
மறந்தும்போனேன்.
ஒன்பதாம் நாள் உலக்குக்குக் கை விட்டால்
விரல் உள்ளே போகிறது.

மரத்தில் இருக்கும்வரை
அது பழுக்கவே பழுக்காதாம்.
பறித்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குமாம்.
தெரியாமல் இரண்டு மாதம்
அண்ணாந்து நின்றிருக்கிறேன்.

இரண்டாக வகுந்து ஆளுக்குப் பாதி.
இனிப்பில்லை. புளிப்பில்லை.
இவர் ஒரு வாய் தின்று, மென்று,
என் முகத்தைப் பார்த்துவிட்டு,
"என்னமோ குறையுது" என்றார்.
அரை எலுமிச்சை பிழிந்தேன்.
"இன்னும்" என்றார்.

ஆறு வருஷமாய்
எதை ஒரு சொட்டுக்கூட
இந்த மரத்திடம் விடவில்லையோ
அதைத்தான் அஞ்சறைப்பெட்டியிலிருந்து
ஒரு சிட்டிகை எடுத்தேன்.

இப்போது நன்றாக இருந்தது.