நகச் சுரண்டல்

கருங்கல் சந்தைக்குப் பின்னால், செருப்புக் கடை மாடியில்
எங்கள் லேப்.
டாக்டர் எழுதி அனுப்பும் சீட்டில்
"நகச் சுரண்டல்" என்றிருக்கும்.
படித்துவிட்டுச் சிலர் சிரிப்பார்கள்:
"எங்கள ஒக்கச் சுரண்டியாச்சு, இனி நகந்தான் பாக்கி."

கறுப்புக் காகிதத்தில் விழும் தூள்
தேங்காய்த் துருவலின் கடைசிப் பிசிறு போலிருக்கும்.
காரக் கரைசல் இரண்டு சொட்டு, மேலே ஒரு கண்ணாடிச் சில்லு.
பிறகு காத்திருக்க வேண்டும்.
நகத்துக்குக் கரைவதில் அவசரம் கிடையாது.

காத்திருக்கும் நேரத்தில் விரல்களைப் பார்ப்பேன்.
அது என் வேலை இல்லை.

குலசேகரம் ரசலையனுக்கு
ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தில்
மஞ்சளாகிப் பிளந்தவை பத்தும்.
முந்திரி ஆலைச் செல்லபாயிடம்
நகமும் சதையும் போல என்று எதையும் சொல்ல முடியாது,
நகம் சதையை விட்டு எழும்பி நிற்கிறது,
இடுக்கில் கொட்டை எண்ணெயின் கறுப்பு.
பூஞ்சைக்கென்று மூன்று மாதம் மாத்திரை விழுங்கியிருக்கிறாள்.
லென்சுக்கடியில் ஓர் இழைகூட இல்லை.

பள்ளிக்கூடப் பையன் ஒருவன்
குளத்துக் கொக்கிடம் கேட்டு வாங்கிய வெள்ளைப் பூக்களைக் காட்டினான்.
எண்ணினோம், நாலு.
அவன் அம்மாவுக்குத்தான் பயம், சுண்ணாம்புச் சத்து குறைவோ என்று.
கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும் பூ வரும் என்றேன்.
அவன் நம்பவில்லை.
கொக்குக்கு நன்றி கெட்டவள் நான்.

பெருவிரல் நகத்தில் ஒற்றைக் கறுப்புக் கோடு ஓடிய
ஒருவரை மட்டும் சுரண்டவில்லை.
கோடு நகத்தோடு நிற்காமல் தோலிலும் இறங்கியிருந்தது.
ஆசாரிப்பள்ளத்துக்கு இன்றைக்கே போங்கள் என்றேன்.
"நாளைக்குப் போவட்டா? இன்னைக்கு ஒரு கல்யாணம்."
போனாரா, தெரியாது.

ஐப்பசித் தூறலில், ஒரு வியாழக்கிழமை
குறும்பனையிலிருந்து எஸ்கலின் வந்தாள்.
கொல்லத்து இறால் கம்பெனியில்
கையில் தீனம் இல்லை என்று காகிதம் கேட்கிறார்களாம்.

பத்து நகத்திலும் குறுக்கே ஒரு பள்ளம்,
ஒரே நாளில் ஒரே கை கீறினது போல.
நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும்.
ஸ்கேல் வைத்தேன். ஏழு.
தோலுக்கடியில் கிடந்த நாட்களையும் கூட்டினேன்.

"ஆடியில என்ன நடந்துச்சு?"
"ஒண்ணுமில்லியே."
"பெரிய காய்ச்சல் ஏதாவது?"
"உங்ககிட்ட யாரு சொன்னது?"
நகம் என்றேன்.
நகக்கண் என்று சும்மாவா பெயர்,
அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறது.

டியூப்லைட்டைப் பார்த்தபடி சொன்னாள்:
டெங்கு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி.
பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு இறங்கிவிட்டது.
வீட்டுக்காரர் ஆழ்கடலில்.
கொச்சியில் கரை ஏறி அவர் போன் போட்டபோது
நல்ல சொகம் என்றிருக்கிறாள்.
சங்கிலி அடகில். கழுத்தில் கிடப்பது கவரிங்.
"தெரிஞ்சா பாதியில எறங்கி வந்துருவாரு,
பங்கு போயிரும்.
இந்தக் கோடு எப்ப போவும்?"

வளர்ந்து நுனிக்கு வரும், வெட்டி எறியலாம் என்றேன்.
"கிறிஸ்துமசுக்கு முன்னயா?"
போட்டு அதற்குத்தான் கரைக்கு வரும்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன்.
எட்டு விரல் சுத்தமாகிவிடும்.
பெருவிரல் நகம் நீளம், கொஞ்சம் மிச்சமிருக்கும்.

இரண்டு பெருவிரலையும் உள்ளங்கைக்குள் மடித்துப் பார்த்தாள்.
"அது போதும். அத நான் பாத்துக்கிடுதேன்."

ரிப்போர்ட்டில் ஒரு வரிக்குத்தான் இடம்:
பூஞ்சை காணப்படவில்லை.
சீல் வைத்தேன். நூற்றைம்பது ரூபாய்,
மீன் வாடையடிக்கும் பத்து ரூபாய்த் தாள்களாக.

அவள் படியிறங்கும்போதும்
பெருவிரல்கள் உள்ளேயேதான் இருந்தன.
இப்போதிருந்தே பழகுகிறாள் போல.