இறக்கத்தில் ஏறும் எண்

அடிவாரச் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது
திரையில் தொண்ணூற்றொன்று.
இருபது வளைவும் ஏறி முடித்தபோது
அறுபத்து மூன்று.
எரிசக்தித் துறையிலிருந்து வந்த மிருணாளினி மேடம்
குறித்துக்கொண்டார். மடியில் கணினி,
கையில் வாந்திக்கு ஒரு பாலித்தீன் பை.

பயணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டை.
ஐம்பது ஆள் எடை என்று கணக்கு.
ஒரு மூட்டையும் ஜன்னலை மூடச் சொல்லவில்லை.
ஒரு மூட்டையும் சில்லறைக்குச் சண்டை போடவில்லை.
பதினெட்டு வருஷத்தில்
இவ்வளவு நல்ல ஜனங்களை நான் ஏற்றியதில்லை.

டீசல் வண்டி என்றால் ஏழாவது வளைவில் முனகும்.
அந்த முனகலை வைத்தே
எங்கே இருக்கிறோம் என்று இருட்டிலும் சொல்வேன்.
இது முனகவில்லை.
சில்வர் ஓக் சருகு உருள்வது கேட்டது.
வண்டி வருவது தெரியாமல்
குரங்குகள் சாலை நடுவில் பேன் பார்த்தன.
ஹாரன் அடித்து அடித்தே மேலே போனோம்,
சத்தமில்லாத வண்டிக்கு
அவ்வளவு சத்தம்.

லேடீஸ் சீட்டில் பத்து நிமிஷம்.
கீழே சேலம், வெள்ளைக்கல் தோண்டிய சுண்ணாம்புக் காயங்கள்.
மேகம் விலகிய மேற்கில்
மேட்டூர்ப் புகைபோக்கி, தீக்குச்சி உயரம்.
"இந்த வண்டிக்குப் புகையே இல்லை, குழந்தைவேலு."
"இருக்குங்க. அங்க இருக்கு."
என் மைத்துனன் அங்கமுத்து
அங்கேதான் நிலக்கரி வேகனைக் கவிழ்க்கிறான்.
அவன் பனியனைத் துவைத்தால்
மூன்றாம் தண்ணீரிலும் கறுப்பு.

"இப்போதைக்கு" என்றார்.
வரைவுக் கொள்கையில்
ஒவ்வொரு உலைக்கும் மூடும் வருஷம் போட்டிருக்கிறதாம்.
"அங்கமுத்துவுக்குங்க?"
விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்.
மறுபயிற்சி, நிரந்தரப் பணியாளர்களுக்கு.
அவனோ ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரரிடம் இருப்பவன்.
எந்தப் பதிவேட்டிலும் வேலையில் இல்லாதவனுக்கு
வேலை எப்படிப் போகும்?
அவர் பதில் சொல்லவில்லை. பையைச் சுருட்டிக்கொண்டு
வண்டியில் ஏறினார்.

இறங்கும்போதுதான் அது நடந்தது.
பிரேக்கைத் தொடவேயில்லை நான்.
பாதத்தை எடுத்தால் போதும்,
பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்ததுபோல்
வண்டி தானாகத் தயங்குகிறது.
அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு ஆனது.
பதினொன்றாம் வளைவில் அறுபத்தெட்டு.
பிரேக் லைனிங் கருகும் வாடை இல்லை.
வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கைக்
கேட்காமலே திருப்பித் தருகிறது மலை.
செவ்வாய்ப்பேட்டையில் விசாரித்துப் பாருங்கள்,
அப்படி ஓர் ஆள் உண்டா என்று.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒளிப்பானேன்.

ஐந்தாம் வளைவில் சொன்னார்:
பதினொன்றிலிருந்து மூன்று வரை வண்டி டிப்போவில் நிற்கணும்.
அப்போதுதான் வெயில் மின்சாரம் மலிவு.
ராத்திரி சார்ஜ் போட்டால்
மறுபடி மேட்டூர்தான், அங்கமுத்துதான்.
"சரிங்க. ஒரு மணி வண்டி?"
"அதில் யார் வருவாங்க?"
நாகலூர்ச் சடைச்சி வருவாள்.
செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில்
ரத்தம் சுத்தம் செய்துகொண்டு
முன் கம்பியில் நெற்றியைச் சாய்த்து.
"மொத்தம் எத்தனை பேர்?"
"பதினோரு பேர்."
பதினொன்று என்று தட்டினார்.
சராசரி எடுக்கும்போது அது கரைந்துபோகும்
என்று எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும். அதனால்தான் மெதுவாகத் தட்டினார்.

டிப்போவில் எழுபத்திரண்டு.
மெக்கானிக் பஷீர் மூட்டைகளை இறக்கினான்.
கடைசி வரிசையில் ஒன்று
தூக்கும்போதே தொளதொளத்தது.
அடியில் எலி கடித்த ஓட்டை.
படிக்கட்டு வரை மணல் கோடு,
அதற்கப்பால் சாலைதான்.
எந்த வளைவிலிருந்து கொட்டிக்கொண்டு வந்ததோ,
ஐம்பது பேரில் ஒருவர்
விசிலடிக்காமல் இறங்கியிருக்கிறார்.

"இதை அறிக்கையில் போடணுமா?" என்றார்.
கால் கிலோ மணலை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு
பஷீர் என்னைப் பார்த்தான்.

போடுங்க மேடம்.